இனிப்பு பட்டால் பல் கூசுவது ஏன்? வலி நீடிக்கும் நேரத்தைக் கொண்டு காரணத்தை அறியும் முறை

மைசூர்பாகு ஒரு துண்டை வாயிலிட்டதும் கடைவாய்ப் பல்லில் சுரீரென்று வலி ஓடுகிறது. வாயைக் கொப்பளித்தால் அடங்கிவிடுகிறது. பெரும்பாலானோர் அத்துடன் அதை மறந்து, அடுத்த நாளிலிருந்து மறுபக்கத்தில் மெல்லத் தொடங்கிவிடுகின்றனர். இனிப்பை விழுங்கிய பிறகு அந்த வலி எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை மட்டும் கவனித்து வைத்திருந்தால், பல்லின் எந்த அடுக்கு வரை கோளாறு சென்றிருக்கிறது என்பதை ஓரளவு ஊகிக்க முடியும்.

பல்லின் வெளிப்புறத்தை மூடியுள்ள எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் என்னும் அடுக்கில், கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் நரம்புகள் உள்ள பற்கூழை நோக்கிச் செல்கின்றன. அவற்றுள் ஒருவகைத் திரவம் நிறைந்திருக்கிறது. எனாமல் உடைந்தோ தேய்ந்தோ ஈறு இறங்கியோ இந்தக் குழாய்களின் வாய் திறந்துகொண்டால், அடர்த்தியான சர்க்கரைப்பாகு அங்கே படும்போது உள்ளிருக்கும் திரவத்தை வெளிப்பக்கமாக இழுக்கிறது. ஊறுகாய்க்காக உப்பில் போட்ட மாங்காய் நீர் விடுவதும் இதே இயல்பினால்தான். திரவத்தின் இந்த அசைவைக் குழாயின் உள்முனையில் இருக்கும் நரம்பு வலியாக உணர்கிறது என்ற விளக்கத்தைச் சுவீடன் நாட்டுப் பல் மருத்துவ ஆய்வாளர் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம் 1960களில் நிலைநாட்டினார். எனவே இனிப்பு வலிக்கிறது என்றால், எங்கோ டென்டின் திறந்து கிடக்கிறது என்றே பெரும்பாலும் கொள்ளலாம்.

திறந்த இடத்தைத் தேட, பல் துலக்கிய பின் கண்ணாடி முன் நின்று கைபேசி விளக்கின் ஒளியில் பாருங்கள். மெல்லும் பரப்பில் கருமையோ பள்ளமோ இருந்தால் சொத்தையாக இருக்கலாம். ஈறு ஒட்டும் இடத்தில் மஞ்சள் நிற வேர்ப்பகுதி தெரிந்தால் ஈறு இறங்கியிருக்கிறது. அங்கே அரிவாளால் வெட்டியது போன்ற பள்ளம் இருந்தால், முரட்டுப் பிரஷ்ஷினாலோ சாம்பல், செங்கல்பொடி போன்றவற்றாலோ குறுக்கே அழுத்தித் தேய்த்த பழக்கத்தின் விளைவாக அது இருக்கக்கூடும். முன்பு அடைத்த பல்லில் அடைப்பின் ஓரம் விலகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரு பற்களுக்கு இடையில் உண்டாகும் சொத்தை கண்ணுக்குத் தெரியாது. அதற்கு எக்ஸ்ரேதான் வேண்டும். குச்சியையோ சேலை ஊக்கையோ விட்டுக் குடைந்து பார்ப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

அடுத்து, இரண்டு மூன்று நாட்களுக்கு வலியின் நேரத்தைக் கவனியுங்கள். இனிப்பைக் கொப்பளித்துத் துப்பியதும் சில நொடிகளில் வலி நின்றுவிட்டால், பற்கூழ் பெரும்பாலும் நலமாக இருக்கிறது என்று பொருள். கூச்சத்துக்கான சிகிச்சையோ சிறிய அடைப்போ போதுமானதாக இருக்கும். வாய் கழுவிய பிறகும் நிமிடக்கணக்கில் விண்விண்ணென்று தெறித்தாலும், எதுவும் சாப்பிடாதபோது தானாகவே வந்தாலும், இரவில் படுத்ததும் அதிகரித்தாலும், பற்கூழ் வீங்கிவிட்டது என்று ஐயுற வேண்டும். அந்நிலையில் வேர் சிகிச்சை தேவைப்படலாம். கடித்துவிட்டு வாயைத் திறக்கும் நொடியில் மட்டும் குத்தினால் பல்லில் விரிசல் இருக்கக்கூடும்.

சொத்தையோ அடைப்புக் கோளாறோ இல்லாமல் கூச்சம் மட்டும் இருந்தால், பொட்டாசியம் நைட்ரேட் போன்ற கூச்சம் குறைக்கும் பொருள் கலந்த பற்பசையை நாளுக்கு இருமுறை பயன்படுத்துங்கள். இரண்டு முதல் நான்கு வாரங்கள் விடாமல் தேய்த்தால்தான் பலன் தெரியும். நான்கு நாட்களில் கைவிட்டுவிட்டு அது பயனற்றது என்று சொல்வோரே அதிகம். மென்மையான பிரஷ்ஷை எடுத்து, அழுத்தாமல் இரண்டு நிமிடங்கள் துலக்கி, நுரையைத் துப்பிய பின் தண்ணீரால் கொப்பளிக்காமல் விட்டுவிட்டால் ஃபுளூரைடு பல்லில் தங்கும். எலுமிச்சைச் சாறோ சோடாவோ குடித்திருந்தால் அரை மணி நேரமாவது கழித்துத்தான் துலக்க வேண்டும், ஏனெனில் அமிலத்தால் இளகிய எனாமல் அப்போது எளிதில் தேயும். கிராம்பு எண்ணெய் வலியைச் சிறிது நேரம் மரக்கச் செய்யுமே தவிர, துவாரத்தை மூடாது. ஈறில் அதிகம் பட்டால் புண்ணாக்கவும் செய்யும்.

சொத்தை எவ்வாறு உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இனிப்பை எப்படி உண்பது என்பதும் விளங்கும். பல்லின் மீது படிந்துள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. வாயின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து தாதுக்கள் கரையத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அதை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சுமார் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகிறது. ஆகவே மதியச் சாப்பாட்டுடன் ஒரே தடவையாக உண்ணும் இரண்டு லட்டை விட, காலை முதல் இரவு வரை ஆறு தடவை குடிக்கும் சர்க்கரை போட்ட தேநீர் பல்லுக்குப் பெரிய கேடு. சுவீடனில் விப்பெஹோல்ம் என்னும் மனநலக் காப்பகத்தில் 1940களில் தொடங்கிய ஆய்வு, உணவு வேளைகளுக்கு இடையே உண்ட ஒட்டும் டாஃபியே மிக அதிகமாகச் சொத்தையை உண்டாக்கியது என்று காட்டியது. அங்கிருந்தவர்களின் ஒப்புதலின்றி நடத்தப்பட்ட அந்த ஆய்வை இன்று யாரும் நியாயப்படுத்த மாட்டார்கள். ஆயினும் அதன் முடிவு நம் ஜவ்வு மிட்டாய்க்கும் கடலை மிட்டாய்க்கும் பொருந்துகிறது. வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவை பல்லைக் கெடுக்காது என்ற நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை. பாக்டீரியாவுக்கு அவையும் சர்க்கரைதான்.

பல் மருத்துவரிடம் பல்லைச் சுத்தம் செய்துகொண்ட பிறகு கூச்சம் வந்ததால், இயந்திரம் பல்லைத் தேய்த்துவிட்டது என்று குறைகூறுவோரும் உண்டு. ஈறோரம் மூடியிருந்த காறை எனும் கெட்டிப் படிவு நீங்கியதும் வேர்ப்பகுதி வெளிப்படுவதால் ஏற்படும் இந்தக் கூச்சம் பொதுவாகச் சில நாட்களிலோ வாரங்களிலோ தணிந்துவிடும்.

பல் மருத்துவரிடம் செல்லும்போது எந்தப் பக்கம், எது பட்டால், எவ்வளவு நேரம் வலிக்கிறது என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தாலோ, நாள் குறிக்கக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பல நாட்கள் கடுமையாக வலித்த பல் மருந்தேதுமின்றித் திடீரென அமைதியாகிவிட்டால், அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். உள்ளிருந்த நரம்பு செத்துப்போயிருக்கலாம், தொற்றோ வேரின் நுனி வழியே எலும்புக்குள் பரவிக்கொண்டிருக்கலாம்.