வேர்ட்பிரஸ் செருகுநிரலுக்கு அலகுச் சோதனை எழுதுவது எப்படி?

கட்டுரையின் தலைப்புக்குக் கீழே "வாசிக்க 3 நிமிடம்" என்று காட்டும் ஒரு சிறிய செருகுநிரலை எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள செயற்கூறு ஒன்றே ஒன்றுதான்: ஹெச்டிஎம்எல் குறிகளை நீக்கி, பிஎச்பியின் ஸ்டர்_வேர்ட்_கவுன்ட் கொண்டு சொற்களை எண்ணி, 200ஆல் வகுத்து, மேல்நோக்கி முழு எண்ணாக்கும். ஆங்கிலக் கட்டுரையில் ஒழுங்காக வேலை செய்கிறது. தமிழில்? ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பிரவுசரைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அந்த வேலையை, நிரலின் சிறு பகுதிகளைத் தாமாகவே சரிபார்க்கும் அலகுச் சோதனைகளிடம் விட்டுவிடலாம்.

பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளம், பிஎச்பி தொகுப்புகளை நிறுவித் தரும் கம்போசர், வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்க உதவும் டபிள்யூபி-சிஎல்ஐ ஆகியவை கணினியில் இருக்க வேண்டும்.

படி 1: எலும்புக்கூடு

வேர்ட்பிரஸ் நிறுவியுள்ள கோப்புறையில் டெர்மினலைத் திறந்து, டபிள்யூபி-சிஎல்ஐயின் "ஸ்கேஃபோல்ட் பிளகின்-டெஸ்ட்ஸ்" கட்டளையைச் செருகுநிரலின் கோப்புறைப் பெயருடன் கொடுங்கள். டெஸ்ட்ஸ் என்ற கோப்புறை, சோதனைகளை ஓட்டும் கருவியான பிஎச்பியூனிட்டுக்கான அமைப்புக் கோப்பு, சோதனைச் சூழலை நிறுவும் ஸ்கிரிப்ட் எல்லாம் தாமாகவே உருவாகிவிடும். மாதிரிச் சோதனை ஒன்றும் உடன் வரும். ஆனால் அமைப்புக் கோப்பிலேயே அது விலக்கப்பட்டிருக்கும். "சோதனை எதுவும் ஓடவில்லை" என்ற செய்தி வந்தால் பயப்பட வேண்டாம்.

படி 2: பிஎச்பியூனிட்

செருகுநிரலின் கோப்புறைக்குள் சென்று, கம்போசர் வழியாக பிஎச்பியூனிட்டின் 9ஆம் பதிப்பையும், பிஎச்பியூனிட் பதிப்புகளுக்கு இடையிலான வேறுபாடுகளை ஈடுசெய்யும், யோஸ்ட் நிறுவனம் வெளியிடும் பிஎச்பியூனிட் பாலிஃபில்ஸ் தொகுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேர்ட்பிரஸ் 5.9 முதல் பாலிஃபில்ஸ் கட்டாயம். ஆகப் புதிய பிஎச்பியூனிட்டை இழுத்துவந்து மாட்டினால் வீண் தலைவலிதான்.

படி 3: சோதனைத் தரவுத்தளம்

நிறுவும் ஸ்கிரிப்டுக்குத் தரவுத்தளப் பெயர், பயனர், கடவுச்சொல், ஹோஸ்ட், வேர்ட்பிரஸ் பதிப்பு என்ற வரிசையில் விவரம் தர வேண்டும். இங்கே மட்டும் நிதானம் தேவை. சோதனை ஓடும் ஒவ்வொரு முறையும் அந்தத் தரவுத்தளத்தின் வேர்ட்பிரஸ் அட்டவணைகள் அழிக்கப்பட்டுப் புதிதாக உருவாகும். உங்கள் தளத்தின் தரவுத்தளத்தைக் கொடுத்தால் பதிவுகள் எல்லாம் போய்விடும் ஆபத்து உண்டு. இதற்கென்றே தனியாக ஒரு பெயர் வையுங்கள்.

ஸ்கிரிப்ட் பதிவிறக்கும் வேர்ட்பிரஸும் அதன் சோதனை நூலகமும் கணினியின் தற்காலிகக் கோப்புறையில் போய் அமர்கின்றன. நேற்று ஓடிய சோதனை, கணினியை மறுபடி இயக்கியபின் ஓடாவிட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஸ்கிரிப்டை மீண்டும் ஓட்டினால் போதும்.

படி 4: முதல் சோதனை

டெஸ்ட்ஸ் கோப்புறையில் "டெஸ்ட்-" என்று தொடங்கும் பெயரில் புதிய கோப்பு ஒன்றை உருவாக்கி, அதில் வேர்ட்பிரஸின் சோதனை நூலகத்தில் உள்ள டபிள்யூபி_யூனிட்டெஸ்ட்கேஸ் வகுப்பிலிருந்து (கிளாஸ்) ஒரு வகுப்பை வருவியுங்கள். உள்ளே எழுதும் செயற்கூறின் பெயரும் "டெஸ்ட்" என்றே தொடங்க வேண்டும். "சொல்" என்பதையும் ஓர் இடைவெளியையும் 400 முறை அடுக்கிய உரையை அனுப்பி, விடை 2 என்று பிஎச்பியூனிட்டின் அஸெர்ட்சேம் செயற்கூறு கொண்டு உறுதிசெய்யுங்கள்.

கம்போசர் உருவாக்கிய வென்டர் கோப்புறையில் உள்ள பிஎச்பியூனிட்டை ஓட்டினால், தேறிய சோதனைக்குப் புள்ளியும் தோற்றதற்கு "எஃப்" எழுத்தும் வரும். நமக்கு வருவது எஃப். 2 எதிர்பார்க்கப்பட்டது, கிடைத்தது 0.0. பிஎச்பியின் ஸ்டர்_வேர்ட்_கவுன்ட் யுனிகோடை அறியாது. லினக்ஸ் சர்வர்களில் தமிழ் எழுத்து அதன் கண்ணுக்கு எழுத்தே அல்ல.

அதற்குப் பதிலாக ப்ரெக்_ஸ்பிளிட் கொண்டு இடைவெளிகளில் உரையைப் பிரித்துக்கொள்ளுங்கள். யுனிகோடுக்கான "யு" குறியைச் சேர்க்க வேண்டும். வெற்றுத் துண்டுகளைத் தவிர்க்கும் தெரிவையும் கொடுங்கள். இல்லையென்றால் கடைசி இடைவெளிக்குப் பின்னால் உள்ள வெறுமையும் ஒரு சொல்லாகி, 401 சொல், 3 நிமிடம் என்று கணக்கு தப்பும்.

மீண்டும் ஓட்டுங்கள். மறுபடியும் எஃப்! இம்முறை கிடைத்தது 2.0. மேல்நோக்கி முழு எண்ணாக்கும் பிஎச்பியின் சீல் செயற்கூறு எப்போதும் தசம எண்ணைத்தான் திருப்பித் தரும். அஸெர்ட்சேம் மதிப்போடு வகையையும் ஒப்பிடும். மதிப்பை மட்டும் ஒப்பிடும் அஸெர்ட்ஈக்குவல்ஸ் என்று மாற்றினால் சோதனை உடனே தேறிவிடும், ஆனால் அது கண்ணை மூடிக்கொள்ளும் வேலை. விடையை முழு எண்ணாக மாற்றித் திருப்புங்கள். புள்ளி வந்துவிடும்.

படி 5: வேர்ட்பிரஸைத் தொடும் சோதனைகள்

உண்மையான பதிவு தேவைப்பட்டால், சோதனை வகுப்பிலேயே உள்ள ஃபேக்டரி ஒரே வரியில் உருவாக்கித் தரும். ஒவ்வொரு சோதனையும் தரவுத்தளப் பரிவர்த்தனை ஒன்றுக்குள் ஓடி, முடிந்ததும் பின்வாங்கப்படுவதால் அந்தப் பதிவு அடுத்த சோதனைக்குள் கசியாது. இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சோதனைகளுக்கு முன் ஓடும் பூட்ஸ்ட்ராப் கோப்பு செருகுநிரலை ஏற்றுகிறதே தவிர, செயற்படுத்துவதில்லை. செயற்படுத்தும் நேரத்தில் அட்டவணை உருவாக்கும் செருகுநிரல் என்றால், அந்தச் செயற்கூறைச் சோதனைக்கு முன்பு நீங்களே அழைக்க வேண்டும்.

அடுத்த சோதனையை நீங்களே எழுதுங்கள். இரண்டு பத்திகளை, நடுவே இடைவெளியோ புதிய வரியோ இல்லாமல், பத்திக் குறிகளால் மட்டும் பிரித்து அனுப்புங்கள். சொற்களை எண்ணும் பகுதியைத் தனிச் செயற்கூறாகப் பிரித்துக்கொண்டால் சோதிப்பது எளிது. குறிகளை நீக்கியதும் முதல் பத்தியின் கடைசிச் சொல்லும் இரண்டாம் பத்தியின் முதற்சொல்லும் ஒட்டிக்கொண்டு, எண்ணிக்கை ஒன்று குறையும். எஃப் வந்தபின் திருத்தத்தைத் தொடங்குங்கள்.