இன்டர்ன்ஷிப்பில் பி.காம்., பி.பி.ஏ. மாணவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

பணம் கட்டி சர்டிபிகேட் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. வீட்டிலிருந்தே முடிக்கலாம், கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களை நம்பிப் பல பிள்ளைகள் அப்பா அம்மாவின் காசை அனுப்பிவிடுகிறார்கள். கல்லூரியில் மதிப்பெண் கிடைத்துவிடும், சரி. ஆனால் வேலைக்கான இன்டர்வியூவில் "அங்கே நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டால் சொல்வதற்கு எதுவும் இருக்காது. அந்தப் பதிலுக்காகத்தான் இன்டர்ன்ஷிப்பே.

அடுத்தது பெரிய கம்பெனி மோகம். பெரிய இடத்தில் ஒரே எக்செல் ஷீட்டோடு இரண்டு மாதமும் போய்விடலாம். திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தால் நூல் வாங்கிய பில், சாயப்பட்டறைக்கும் பிரின்டிங்குக்கும் கொடுத்த ஜாப் ஒர்க் பில், ஷிப்பிங் பில், வங்கியில் பணம் வந்து சேர்வது என்று ஒரு வியாபாரம் முழுவதும் கண் முன்னால் ஓடும். உள்ளூர் ஆடிட்டர் அலுவலகமும் அப்படித்தான். மளிகைக் கடை, மருந்துக் கடை, கான்ட்ராக்டர் என்று பலருடைய கணக்கும் அங்கே வரும்.

எந்தத் தேதியில் சேர்கிறோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவர்கள் விற்பனை விவரமான ஜி.எஸ்.டி.ஆர்.-1ஐ அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் போட வேண்டும். 14ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-2பி என்ற பட்டியல் வரும். நமக்குச் சரக்கு விற்றவர்கள் கணக்கில் காட்டிய பில்கள் அதில் இருக்கும். 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி என்ற மாதக் கணக்கைப் போட்டு வரி கட்ட வேண்டும். இந்த 14க்கும் 20க்கும் நடுவில்தான் உண்மையான பாடம். நாம் வாங்கிய பில் 2பியில் இல்லையென்றால் அதில் கொடுத்த வரியை, நாம் கட்ட வேண்டிய வரியிலிருந்து உள்ளீட்டு வரியாகக் கழிக்க முடியாது. உடனே சப்ளையருக்குப் போன் போகும், "அண்ணே, அந்த பில்லை ஏத்தவே இல்லையே" என்று. ஒரு பில் விடுபட்டால் கையிலிருக்கும் பணம் எப்படி முடங்குகிறது என்பதை அந்த ஒரு வாரம் புரியவைத்துவிடும். 20ஆம் தேதிக்குப் பிறகு சேர்ந்து இரண்டு வாரத்தில் கிளம்பினால் இதில் எதையுமே பார்க்க முடியாது. ஒரு முழு மாதமாவது இருங்கள்.

முதல் வாரம் பில் அடுக்கச் சொல்வார்கள். முகம் சுளிக்க வேண்டாம், அடுக்கும்போதே ஒவ்வொரு பில்லையும் படியுங்கள். ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். 33 என்றால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகம். ஓசூர் வியாபாரி பெங்களூரிலிருந்து சரக்கு வரவழைத்த பில்லில் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் தாண்டும் விற்பனைக்கான வரி) என்றும், சேலத்திலிருந்து வந்ததில் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. (மத்திய, மாநில வரிகள்) என்றும் ஏன் இருக்கிறது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள். அப்புறம், கணக்கு எழுதும் மென்பொருளான டேலியைக் காட்டித் துணிந்து கேளுங்கள்: "சார், டேலியில் இந்த வவுச்சரை நான் போட்டுப் பார்க்கட்டுமா?" கேட்காதவருக்கு யாரும் தானாக முன்வந்து வேலை தருவதில்லை.

சீனியரின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. தினமும் மாலையில் அன்று செய்ததை நான்கு வரி எழுதி வையுங்கள், ரிப்போர்ட் தானே வளர்ந்துவிடும். ஆனால் வாடிக்கையாளரின் பெயரும் தொகையும் அதில் வரக் கூடாது. அலுவலகக் கணினித் திரையைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடவே போடாதீர்கள், அது இன்னொருவர் வீட்டுக் கணக்கு.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தை நம்பிக் காத்திருக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். 2024 அக்டோபரில் அது தொடங்கியபோது வைத்த விதிப்படி 21 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு 12 மாதம், மாதம் 5,000 ரூபாய். முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அப்போது அதில் இடமில்லை. விண்ணப்பிக்கும் முன் அப்போதைய விதியைப் படித்துவிட்டு, இந்தக் கோடை விடுமுறைக்குப் பக்கத்து ஆடிட்டரிடம் பேசிவையுங்கள்.