கேட்டில் கேட்கும் கேள்விக்கு ஒரு ஷீட்

மணலியில் ஷட்டவுன், அதாவது ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்ட்ராக்டரிடம் கேட் பாஸ், பயிற்சி, மருத்துவச் சான்று எல்லாம் பார்த்துக்கொள்வது என் வேலை. சாதாரண நாளில் 140 பேர். ஷட்டவுன் வந்தால் 300-ஐத் தாண்டும். சேர்ந்த அன்று என் மேசைமேல் 14 பாக்ஸ் ஃபைல் இருந்தது. இப்போது ஒரே ஒரு கூகுள் ஷீட். பெரிய சாஃப்ட்வேர் வாங்க வசதியில்லாத எங்களைப் போன்றவர்களுக்காக, அதை எப்படிப் போட்டேன் என்று எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பு: ஃபைலில் இருந்த சான்றிதழ்களை அப்படியே ஸ்கேன் செய்து ஏற்றினேன். குப்பை இடம் மாறியது, அவ்வளவுதான். காலை 7 மணிக்கு சூப்பர்வைசர் போனில் கேட்பது "இவர்கிட்ட என்ன சர்டிஃபிகேட் இருக்கு?" என்றல்ல. "இவரை இன்னிக்கு டேங்க்குக்குள்ள இறக்கலாமா, கூடாதா?" என்றுதான். ஆகவே வேலையிலிருந்து தொடங்குங்கள். உயரத்தில் வேலை, தொட்டிக்குள் இறங்குவது, ஹாட் ஒர்க் (வெல்டிங், கட்டிங் மாதிரி தீப்பொறி பறக்கும் வேலை), கிரேனில் சுமையைக் கட்டிவிடும் ரிக்கர் வேலை, சாரம் கட்டுவது என்று ஒரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் என்னென்ன இருந்தால் இறக்கலாம் என்று மேஸ்திரியையும் சேஃப்டி ஆபீசரையும் உட்காரவைத்து எழுதுங்கள். ஷீட்டில் ஆளுக்கு ஒரு வரிசை, வேலைக்கு ஒரு கட்டம். கட்டத்தில் பச்சை அல்லது சிவப்பு. மஞ்சள் வைக்காதீர்கள், மஞ்சள் என்றால் கேட்டில் பேரம் நடக்கும்.

ஆளை அடையாளம் காணப் பெயரை நம்பக் கூடாது. எங்களிடம் ஐந்து முருகன். அதில் இருவர் எம். முருகன். ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பெயரை ஒவ்வொரு சான்றிதழும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கும். நான் யுஏஎன் எண்ணை, அதாவது பி.எஃப். கணக்குக்காக ஒவ்வொருவருக்கும் தரும் எண்ணை வைத்துக்கொண்டேன். 12 இலக்கம், வேறு கம்பெனிக்குப் போய்த் திரும்பி வந்தாலும் மாறாது. ஆதார் நகலை ஷீட்டில் ஒட்டிவைக்கும் பழக்கம் வேண்டாம்.

அடுத்து தேதிகள். முடிவு தேதியிலிருந்து இன்றைய தேதியைக் கழித்து, மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் கட்டம் தானாகச் சிவப்பாகும்படி செய்வது பத்து நிமிட வேலை. ஆனால் எல்லாத் தகுதிக்கும் முடிவு தேதி தாளில் அச்சாகியிருக்காது. வெல்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வெல்டர் தகுதிக்குப் பின்பற்றப்படும் அமெரிக்க விதிநூலான ஏஎஸ்எம்இ ஒன்பதாம் பிரிவின்படி, ஒரு வகை வெல்டிங்கை ஆறு மாதத்துக்கு மேல் தொடாமல் இருந்தால் அந்த வகைக்கான தகுதி போய்விடும். தாள் பளபளப்பாக இருக்கும், தகுதி இருக்காது. அதனால் 'கடைசியாக ஆர்கான் வெல்டிங் அடித்த தேதி' என்று தனி கட்டம் வைத்து, வேலை முடிந்த ஒவ்வொரு வாரமும் நிரப்புகிறேன். டேங்கர் ஓட்டுநருக்கு வேறு கணக்கு: அபாயகரமான சரக்கு ஏற்றும் உரிமத்துக்கு மூன்று வருடம்.

இனி, ஷீட்டால் மட்டும் ஆகாத பகுதி. பயிற்சிக்கு வந்தார் என்பதற்குக் கையெழுத்து இருக்கும். புரிந்ததா என்பதற்கு இருக்காது. தமிழில் நடந்த வகுப்பில் ஒரியா பேசும் பையன் போட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்பு? பயிற்சி எந்த மொழியில் நடந்தது என்று ஒரு கட்டம் வைத்தேன். அதன் பக்கத்திலேயே 'செய்து பார்த்தவர் யார்' என்று இன்னொன்று. உயரத்தில் விழாமல் காக்கும் ஹார்னஸ் பெல்ட்டைப் போடச் சொல்லி, கொக்கியை எங்கே மாட்டுகிறார் என்று மேஸ்திரி நேரில் பார்க்க வேண்டும். தலைக்கு மேலே மாட்டாமல் காலடியில் மாட்டினால் சான்றிதழ் எதுவாக இருந்தாலும் சிவப்புதான். தொட்டி வாயில் காவல் நிற்கும் ஹோல் வாட்ச் ஆளிடம் ஒரே கேள்வி: உள்ளே இருப்பவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வீர்கள்? "உடனே குதிச்சுத் தூக்கிடுவேன்க்கா" என்பார்கள் பாதிப்பேர். நல்ல மனசு. ஆனால் இரண்டாவது ஆள் சாவது அப்படித்தான். அலாரம் கொடுப்பேன், உள்ளே போகமாட்டேன் என்று சொல்லும் வரை பச்சை கிடையாது.

மருத்துவ ரிப்போர்ட் முழுவதையும் ஷீட்டில் கொட்டாதீர்கள். ஒருவரின் பி.பி., சர்க்கரை எல்லாம் சூப்பர்வைசருக்கு எதற்கு? தகுதி உண்டா, ஏதாவது கட்டுப்பாடு உண்டா, அடுத்த பரிசோதனை எப்போது, அது போதும். தொழிலாளி கேட்டால் அவருடைய பதிவை அவருக்குக் காட்ட வேண்டும். போபாலுக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது அபாயகரமான தொழில்களுக்கென்று எழுதிச் சேர்த்த விஷயம் அது.

நினைவூட்டல் யாருக்குப் போகிறது என்பதில் நான் நன்றாகச் சூடு பட்டேன். 30 நாளுக்கு முன்பே மெயில் வரும்படி செய்திருந்தேன், என் மெயிலுக்கு மட்டும். மகளுக்கு டைபாய்டு, நான் லீவு. அந்த வாரம் ஒரு வெல்டரின் மருத்துவச் சான்று முடிந்து, நான்கு நாள் வேலையும் பார்த்துவிட்டார். ஆடிட்டில் பிடித்து, எங்கள் டீம் முழுவதற்கும் இரண்டு நாள் பாஸ் நிறுத்தினார்கள். இப்போது நினைவூட்டல் ஆளை வேலைக்குப் பிரிக்கும் மேஸ்திரிக்கும் சூப்பர்வைசருக்கும் வாட்ஸ்அப்பில் போகிறது. சிவப்பாவதற்கு யாரும் தேவையில்லை; பச்சையாவதற்குத்தான் ஆள் வேண்டும்.

அடையாள அட்டையில் கியூஆர் கோடு ஒட்டுவது நல்லதுதான், ஆனால் ரிஃபைனரி கேட்டுக்கு உள்ளே சாதாரண போன் கொண்டுபோகக் கூடாது. ஸ்கேன் எல்லாம் கேட்டுக்கு வெளியே முடிய வேண்டும். உள்ளே போகும் சூப்பர்வைசரிடம் 6.30 மணிக்கு எடுத்த பிரிண்ட் இருக்கும். பேப்பரை ஒழிக்க வந்து பேப்பரா என்று சிரிக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து கரண்டும் நெட்டும் போனபோது அந்தப் பிரிண்ட்தான் என்னிடம் இருந்தது.

கடைசியாக, ஷீட்டில் திருத்தும் உரிமையை இரண்டு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். கூகுள் ஷீட்டில் யார், எப்போது மாற்றினார்கள் என்பது தானாகப் பதிவாகும். போன ஷட்டவுனில் முதலாளியே வந்து, "ஏம்மா, ஒரு நாள்தானே, பச்சை பண்ணிவிடேன்" என்றார். நான் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, அந்தப் பதிவு வரும் இடத்தைக் காட்டினேன். "சார், நீங்களே மாத்துங்க. உங்க பேர்தான் வரும்." கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்து எண்ணூரிலிருந்து வேறொரு வெல்டரைக் கூப்பிட்டார்.