அன்றன்றைய பலம்: நீண்ட உபத்திரவத்தில் தேவனைச் சார்ந்து நிலைத்திருக்கும் முறை

துன்பம் புதிதாக வரும்போது அதைத் தாங்குவதற்கு மனிதர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனை வாசலில் உறவினர் கூடுகிறார்கள். ஆலயத்தில் பெயர் சொல்லி ஜெபிக்கிறார்கள். பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வருகிறது. அதே துன்பம் மூன்றாம் ஆண்டையும் எட்டிவிட்டால் நிலைமை வேறாகிவிடுகிறது. ஜெபக்குறிப்புப் பட்டியலிலிருந்து பெயர் மெல்ல நீங்குகிறது, விசாரிப்பவர்கள் குறைகிறார்கள், "இன்னும் அப்படியேதான் இருக்கிறாரா?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என் தாயார் பக்கவாதத்தால் படுக்கையில் இருந்த ஏழு ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டவற்றை, அப்படிப்பட்ட மூன்றாம் ஆண்டில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நோயாளியைப் பராமரிப்பவருக்கு மட்டுமன்றி, வேலைக்காகவோ குழந்தைக்காகவோ வழிதவறிய பிள்ளை திரும்பி வருவதற்காகவோ நெடுநாள் காத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். பொறுமை என்றால் வாய் திறவாமல் இருப்பது என்று நம்மில் பலர் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். புதிய ஏற்பாட்டில் பொறுமை என்று மொழிபெயர்க்கப்பட்டுள்ள கிரேக்கச் சொல்லான 'ஹுப்பொமொனே' என்பதற்கு, ஒன்றின் கீழ் விலகாமல் தங்கியிருத்தல் என்பதே அடிப்படைப் பொருள். அதில் மௌனம் என்ற கருத்தே இல்லை. "யோபின் பொறுமையைக் குறித்துக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்" என்று யாக்கோபு எழுதும்போது, பிள்ளைகளையும் உடைமைகளையும் உடல்நலத்தையும் இழந்து, தான் பிறந்த நாளைச் சபித்த அதே யோபைத்தான் குறிப்பிடுகிறார். யோபு ஏராளமாகப் பேசினான், முறையிட்டான், வழக்காடினான். ஆனால் அவ்வளவையும் தேவனுடைய சமூகத்தை விட்டு நகராமலே செய்தான்.

இந்த யோபின் கதைக்கு நம் மண்ணோடு நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. குளச்சல் போரில் 1741-இல் பிடிபட்டுப் பின்பு திருவிதாங்கூர்ப் படையில் பணியாற்றிய டச்சுக்காரர் டிலனாய், இழப்புகளால் மனம் சோர்ந்திருந்த அரண்மனை அலுவலர் நீலகண்டனுக்கு யோபின் சரித்திரத்தை எடுத்துச் சொன்னார். நீலகண்டன் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 'தேவனே துணை' என்று பொருள்படும் தேவசகாயம் என்ற பெயரை ஏற்றார். 1749-இல் கைது செய்யப்பட்டு, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் சிறையிலும் சித்திரவதையிலும் கழித்து, 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது பலரும் அவருடைய மரணத்தைப் பற்றியே பேசினார்கள். என் மனம் அந்த மூன்று ஆண்டுகளையே சுற்றி வந்தது. மரணம் ஒரு நாளில் முடிந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட விடியல்கள் ஒவ்வொன்றிலும் அவர் தம் பெயரின் பொருளை மறுபடியும் நம்ப வேண்டியிருந்திருக்கும்.

முறையீட்டை எழுதும் வழி

ஆகவே தொடங்க வேண்டிய இடம் முறையீடு. ஆறே வசனங்கள் கொண்ட 13-ஆம் சங்கீதத்தை மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்த இரண்டில் "என் கண்களைத் தெளிவாக்கும்" என்ற விண்ணப்பம் இருக்கிறது. கடைசி இரண்டில் தேவனுடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன் என்ற அறிக்கை எழுகிறது. ஒரு குறிப்பேட்டை எடுத்து, இதே வரிசையில் உங்கள் சொந்த வார்த்தைகளை எழுதுங்கள். எழுதும்போது பொதுவான சொற்களைத் தவிர்ப்பது மிகவும் முக்கியம். "ஆண்டவரே, கஷ்டமாக இருக்கிறது" என்று எழுதுவதைவிட, "இரவில் மூன்று முறை எழுப்பப்படும்போது அம்மாவின் மேல் எனக்குக் கோபம் வருகிறது, அந்தக் கோபத்துக்காகப் பிறகு அழுகிறேன்" என்று எழுதுவது உண்மையான ஜெபம். விண்ணப்பமும் அவ்வாறே குறிப்பானதாக இருக்கட்டும்.

மூன்றாம் பகுதி, அதாவது நம்பிக்கையின் அறிக்கை, சில நாட்களில் வரவே வராது. வராத நாளில் அதை வலிந்து எழுதாதீர்கள். 88-ஆம் சங்கீதம் தோழர்கள் விலகிப்போன துக்கத்தோடே முடிந்துவிடுகிறது. ஆறுதலான ஒரு வரிகூட இறுதியில் இல்லை. ஆனாலும் அது வேதாகமத்தில் இருக்கிறது. ஏனெனில், அந்த இருளையும் அதை எழுதியவர் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அழைத்துத்தான் சொல்லத் தொடங்குகிறார்.

இப்படி எழுதிப் பழக்கமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. எருசலேம் அழிந்தபின் எழுந்த புலம்பல் நூலின் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய மொழியின் 22 எழுத்துகளின் அகரவரிசையில் அமைந்தவை. கட்டுக்கடங்காத துக்கத்துக்கு அந்த வரிசை ஒரு கரையாக அமைந்தது என்று நான் நினைக்கிறேன். "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற வசனமும் அந்த வரிசைக்குள், இடிபாடுகளைப் பற்றிய புலம்பலின் நடுவில்தான் வருகிறது. நீங்களும் அ முதல் ஔ வரை பன்னிரண்டு உயிரெழுத்துகளுக்குப் பன்னிரண்டு வரிகளை எழுதிப் பாருங்கள். "அலுத்துப்போனேன் ஆண்டவரே" என்று தொடங்கினாலே போதும். ஔகாரத்துக்கு வரும்போது பெரும்பாலும் 'ஔஷதம்' என்றுதான் எனக்கு வந்தது. அன்றைய மருந்தின் பெயரையே எழுதி ஜெபித்திருக்கிறேன்.

ஒரு நாளுக்கு ஒரு ஓமர்

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்ற உணவு பொழிந்தபோது, தலைக்கு ஒரு ஓமர் அளவே சேர்க்கும்படி கட்டளையிடப்பட்டது. ஓய்வுநாளுக்கு முந்தின ஆறாம் நாளைத் தவிர, மறுநாளுக்கென்று மீத்துவைத்தது பூச்சிபிடித்து நாறிப்போனது. சகிப்புத்தன்மையும் இவ்வாறே அளக்கப்படுகிறது. "இன்னும் பத்து ஆண்டுகள் இப்படியே இருந்தால் என்ன செய்வேன்?" என்று கேட்கும் மனதுக்கு இன்றைக்கு விடை கிடைக்காது, அந்தப் பத்து ஆண்டுகளுக்கான பலம் இன்று தரப்படுவதில்லை என்பதே காரணம். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை அன்றன்று எங்களுக்குத் தாரும்" என்று லூக்கா சுவிசேஷத்தில் கர்த்தர் கற்பித்த ஜெபமும் இந்த அளவைத்தான் நமக்குப் பழக்குகிறது.

இதை நடைமுறைக்குக் கொண்டுவர, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் பத்து நிமிடங்களை ஒதுக்குங்கள். பராமரிப்பில் இருப்பவருக்கு அதிகாலைதான் பெரும்பாலும் கைக்கு எட்டுகிற நேரம். எனக்கு அது ஐந்து மணி, முதல் மருந்து கொடுத்து முடிந்தவுடன். ஒரு சங்கீதத்திலிருந்தோ சுவிசேஷத்திலிருந்தோ மூன்று நான்கு வசனங்களை மட்டும் வாசியுங்கள். ஓராண்டில் வேதாகமம் முழுவதையும் வாசிக்கும் திட்டத்தை, வேறு ஆண்டுக்குத் தள்ளிவைத்துவிடுங்கள். அட்டவணையில் பின்தங்கிய குற்றவுணர்வு, ஏற்கெனவே இருக்கும் சுமையோடு சேர்ந்துகொள்ளும். வாசித்ததில் ஒரு வசனத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, அன்றைக்கு அடிக்கடி கை படும் இடத்தில் வையுங்கள். மாத்திரைப் பெட்டியின் மூடி, அரிசிப் பானையின் பக்கம், மேசை இழுப்பறை என்று எதுவானாலும் சரி. பின்பு, அன்றைய 24 மணி நேரத்தில் உறுதியாக வரப்போகும் கடினமான ஒரு காரியத்தைப் பெயர் சொல்லி, அதற்கு மட்டும் பலம் கேளுங்கள். மிகக் கொடிய நாட்களில் நண்பகல் வரைக்கும் கேளுங்கள். நண்பகலில் மறுபடியும் கேளுங்கள். இப்படிக் கேட்பது விசுவாசக் குறைவாகாது.

இரவில் அதே குறிப்பேட்டில் தேதியிட்டு, அந்தக் காரியம் எப்படிக் கடந்தது என்பதை ஒரே வரியில் எழுதி வையுங்கள். சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சொல்லி அதற்கு எபெனேசர் எனப் பெயரிட்டதைப் போன்றது அது. தோற்ற நாளையும் தோற்றதாகவே எழுதுங்கள். ஓராண்டு சென்றபின் புரட்டிப் பார்த்தால், நீங்கள் மறந்துபோன உதவிகள் எத்தனை என்று தெரியும்.

வார்த்தைகள் முற்றிலும் வறண்டுபோகும் நாட்களும் வரும். அப்போது கடன் வாங்கி ஜெபியுங்கள்: கர்த்தருடைய ஜெபம், மனப்பாடமாக இருக்கும் சங்கீதம், சிறுவயதில் பாடிய கீர்த்தனை. பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களில் சிலருக்குப் பாட்டு மட்டும் இழக்கப்படாமல் இருக்கும். தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாத என் தாயார், ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஞானப்பாட்டு ஒன்றின் பல்லவியை என்னோடு சேர்ந்து முழுவதுமாகப் பாடினார். அவ்வேளைகளில் எனக்காகவும் அவரே ஜெபித்தார் என்றுதான் எண்ணுகிறேன்.

சரீரத்தையும் உடன் இருப்பவர்களையும் குறித்து

எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று விண்ணப்பம் செய்தபோது, தேவதூதன் அவனுக்கு உபதேசம் செய்யவில்லை. அவனைத் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான், மீண்டும் படுக்கவிட்டான், இரண்டாம் முறையும் சாப்பிடச் சொன்னான். உறக்கம், உணவு, வாரத்துக்கு ஒருமுறையாவது வீட்டை விட்டு வெளியே நடப்பது ஆகியவை விசுவாச வாழ்வுக்கு அந்நியமானவை அல்ல. வாரக்கணக்கில் தூக்கமின்மை தொடர்ந்தாலோ, உயிரோடிருக்க வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, அன்றே நம்பகமான ஒருவரிடம் சொல்லி, தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அதை மறைத்துவைத்து உபவாசத்தால் மட்டும் வெல்ல முயன்று நொறுங்கிப்போனவர்களை நான் அறிவேன்.

மோசேயின் கைகள் தளர்ந்தபோது, அவனுக்குக் கீழே ஒரு கல்லை வைத்து உட்காரவைத்து, ஆரோனும் ஊர் என்பவனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கினார்கள். அவன் தளர்ந்தான் என்பதை வேதம் மறைக்கவில்லை. உதவி கேட்கும்போது நாளையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள். "எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்" என்றால் மனமிருந்தும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிடுவார்கள், "செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி முதல் ஆறு வரை அம்மாவோடு இருக்க முடியுமா, அக்கா?" என்றால் வருவார்கள். உடன்பிறந்தவர்களிடம் செலவையும் பொறுப்பையும் பற்றி மாதந்தோறும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். என் அனுபவத்தில், நோயைவிட அதிகமாக என் ஆவியைத் தின்றது "நான் ஒருத்திதான் செய்கிறேன்" என்ற கசப்பே. கணக்கைக் காகிதத்தில் வைத்த பிறகுதான் அது மனதில் ஓடுவது குறைந்தது.

இன்ன பாவத்தால்தான் இந்த நோய் என்று விளக்கம் சொல்ல வருபவர்களும் உண்டு. பிறவிக்குருடனைக் குறித்து, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்று கர்த்தரே சொல்லியிருக்கிறார். யோபின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததுவரை சரியாகவே நடந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியபின்புதான் தேவகோபத்துக்கு உள்ளானார்கள். அப்படிப்பட்டவரிடம் வாதாட வேண்டியதில்லை. "ஐயா, இன்றைக்கு ஒரு சங்கீதம் மட்டும் வாசித்து ஜெபித்துவிட்டுப் போங்கள்" என்று கேட்டுக்கொள்ளலாம்.

சகித்துக்கொள்ளக் கூடாதவையும் உண்டு என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அடிக்கும் கணவனோடு இருந்து சிலுவையைச் சுமக்கும்படி ஒரு பெண்ணுக்கு ஆலோசனை சொல்வது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று இயேசு சீஷர்களுக்குச் சொன்னார். பவுல் தமஸ்குவில் கூடையில் இறக்கப்பட்டுத் தப்பினார். எருசலேமில் தம்மை அடிக்க வாரினால் கட்டியபோது, ரோமக் குடியுரிமையைச் சொல்லித் தடுத்தார். விலகக் கூடியதும் விலக வேண்டியதுமான தீங்கிலிருந்து விலகுங்கள், சட்டத்தின் உதவியையும் நாடுங்கள். பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அவருடைய சரீரத்தை விட்டு நீங்காத முள்ளுக்கே "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் கொடுக்கப்பட்டது.

பாரம் இறங்கிய பிறகு

பலரும் எதிர்பாராத ஒன்று உண்டு. காத்திருப்பு எந்த விதத்தில் முடிந்தாலும், முடிந்த மறுமாதத்தில்தான் பலர் தளர்ந்து விழுகிறார்கள். ஏழு ஆண்டுகளாக மருந்து நேரங்களால் நடத்தப்பட்ட நாள், திடீரென்று வெறுமையாகிவிடுகிறது. ஜெபிப்பதற்கு அவசரமான காரணமும் இல்லாமற்போகிறது. ஆகவே அந்த அதிகாலைப் பத்து நிமிடங்களை, குறைந்தது ஓராண்டுக்காவது மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஊழியத் தீர்மானங்களையும் வீடு மாற்றுவதையும் அந்த ஓராண்டு முடியும்வரை தள்ளிவைக்கலாம். குறிப்பேட்டில் அடுத்த பக்கத்தில் தேதியை எழுதி, அன்றைக்கு உறுதியாக வரப்போகும் கடினமான காரியத்தை முன்போலவே பெயர் சொல்லுங்கள். தாயாரை அடக்கம் செய்த மறுநாள் காலை ஐந்து மணிக்கு நான் எழுதியது, "இந்த மாத்திரைப் பெட்டியை இன்று காலி செய்ய வேண்டும்" என்பதுதான். அதன் மூடியில், என் கையெழுத்தில், முந்தின வாரத்து வசனம் அப்போதும் ஒட்டியிருந்தது.