நீர்த்துளிப் படம்: ஒரு சலைன் செட், ஒரு ஃபிளாஷ், ஓர் இருட்டறை

தெறிக்கும் துளியைப் படம் பிடிக்க 1/8000 நொடி ஷட்டர் உள்ள விலையுயர்ந்த கேமரா வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையே இல்லை. 40 செ.மீ. உயரத்திலிருந்து விழும் துளி, தண்ணீரைத் தொடும்போது நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் இருக்கும். 1/200 நொடியில் அது 14 மி.மீ. நகர்ந்துவிடும், படத்தில் கோடாகத்தான் விழும். 1/20,000 நொடியிலோ நகர்வது 0.14 மி.மீ. மட்டும். சாதாரண ஸ்பீட்லைட் ஃபிளாஷை (கேமராவின் தலையில் மாட்டும் தனி ஃபிளாஷ்) 1/32 அல்லது 1/64 பவரில் வைத்தால் அதன் மின்னல் ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் நீடிக்கும். அறை இருட்டாக இருந்தால் அந்த மின்னல் மட்டுமே படமாகும். துளியை நிறுத்தும் வேலை ஃபிளாஷுடையது. ஷட்டர் சும்மா திறந்து மூடினால் போதும்.

பவரைக் கூட்டினால் மின்னும் நேரமும் நீளும். வெளிச்சம் போதவில்லை என்று முழு பவருக்குப் போவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. பவரைத் தொடாதீர்கள், ஃபிளாஷை அருகில் கொண்டுவாருங்கள், அல்லது ஐஎஸ்ஓ-வை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவை, ஏற்றுங்கள்.

துளி விழும் அமைப்பு

மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் செட்டே (நோயாளிக்கு குளுக்கோஸ் ஏற்றும் குழாய்) போதும். ஒரு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, மூடியில் துளையிட்டு, செட்டின் கூரான முனையைக் கசியாமல் செருகுங்கள். மறுமுனையில் ஊசி இருந்தால் கழற்றிவிட்டு, குழாய் நுனியை நீர்ப்பரப்புக்கு 40 செ.மீ. மேலே, நேர்கீழாகப் பார்க்கும்படி ஒரு ஸ்டாண்டில் கட்டுங்கள். நுனி ஆடினால் ஒவ்வொரு துளியும் ஒவ்வோர் இடத்தில் விழும். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். குழாயை நெருக்கும் உருளைத் திருகை நகர்த்தி, 3 நொடிக்கு ஒரு துளி விழுமாறு வையுங்கள். அதற்குள் அலை ஓரளவு அடங்கிவிடும். பாட்டிலில் மட்டம் இறங்க இறங்கத் துளிகளுக்கிடையிலான நேரம் கூடும் என்பதால் அவ்வப்போது நீர் ஊற்ற வேண்டும்.

கீழே 4, 5 செ.மீ. ஆழமுள்ள கறுப்பு டிரே. விளிம்பு படத்தில் தெரியாதபடி தளும்பத் தளும்ப நிரப்பி, வழியும் நீருக்குப் பெரிய தட்டு ஒன்றை அடியில் வையுங்கள்.

வெளிச்சமும் கேமராவும்

டிரேக்குப் பின்னால் டிரேசிங் தாளை நிறுத்தி, அதற்குப் பின்னால் கேமராவை நோக்கி ஃபிளாஷை வையுங்கள். நீர்மேல் நேராக அடித்தால் வெந்துபோன வெள்ளைப் புள்ளிகள்தான் மிஞ்சும். ஃபிளாஷை பாலித்தீன் பைக்குள் போட்டுவிடுங்கள், தண்ணீர் தெறிக்கும். கேமராவிலிருந்து அதை இயக்க ஒரு டிரிகர் வேண்டும்.

கேமரா டிரைபாடில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே. மேனுவல் மோடு, 1/200 நொடி, எஃப்/11 (லென்ஸ் துவாரத்தின் அளவு), ஐஎஸ்ஓ 400 எனத் தொடங்கலாம். ஃபிளாஷின் ஹை-ஸ்பீட் சிங்க் வசதியை (மிக வேகமான ஷட்டரோடு ஃபிளாஷை இயக்க உதவுவது) அணைத்துவிடுங்கள். அது விட்டுவிட்டு நெடுநேரம் மின்னும், துளி உறையாது. ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். முழுக் கறுப்பாக வர வேண்டும். வராவிட்டால் அறையில் வெளிச்சம் மிச்சமிருக்கிறது. துளிக்கு வால் முளைக்கும்.

100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வசதியானது. கேமராவோடு வரும் கிட் லென்ஸோடு, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூபும் போதும். ஆட்டோஃபோகஸ் உதவாது. துளி விழும் இடத்தில் டிரேக்குக் குறுக்காக ஒரு ஸ்கேலை வைத்து, துளி அதில் விழும் புள்ளியை லைவ் வியூவில் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்துவிட்டு ஸ்கேலை எடுத்துவிடுங்கள். தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்தான்.

அழுத்தும் நேரம்

40 செ.மீ. விழ 0.29 நொடி ஆகும். நுனியிலிருந்து துளி பிரிவதைக் கண்டதும் அழுத்தினால், விரலின் தாமதமும் கேமராவின் தாமதமும் சேர்ந்து துளி தண்ணீரைத் தொடும் வேளைக்கு அருகில் கொண்டுவந்து விடும். படத்தில் துளி இன்னும் காற்றில் இருந்தால் கொஞ்சம் பொறுத்து அழுத்துங்கள். வெறும் வளையங்கள் மட்டும் தெரிந்தால் முந்துங்கள். தொட்டதும் முதலில் ஒரு குழி விழும். குழி மூடும்போது நடுவிலிருந்து நீர்த்தூண் எழும்பும். இதை ஆராய்ந்த ஆங்கில இயற்பியலாளர் ஆர்தர் வொர்திங்டனின் பெயரால் அது வொர்திங்டன் ஜெட் எனப்படுகிறது. தூண் எழும்ப ஆழம் வேண்டும். 1957-இல் அதிவேக ஃபிளாஷ் படங்களுக்குப் பெயர்பெற்ற ஹெரால்ட் எட்ஜர்டன் எடுத்த படத்தில் உள்ளதுபோல் பால் கிரீடம் வேண்டுமானால் நேர்மாறு: தட்டில் 1, 2 மி.மீ. பால் மட்டும்.

குடை வடிவம் வேறு கதை. எழும்பி நிற்கும் தூணின் தலையில் இரண்டாவது துளி மோத வேண்டும். திருகைத் தளர்த்தித் துளிகளை விரைவாக விட்டால் எப்போதாவது சிக்கும். நினைத்தபோதெல்லாம் வர வேண்டுமென்றால் மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வும், அதற்கு நேரம் குறிக்கும் ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையும் தேவைப்படும். முதல் வாரத்திலேயே அதில் இறங்க வேண்டாம்.

சிதறல் அதிகமாக இருந்தால், ஒரு லிட்டர் வெந்நீரில் அரை டீஸ்பூன் சாந்தன் கம்மை (உணவைக் கெட்டியாக்கும் பசைப் பொடி) தூவிக்கொண்டே கலக்கி, இரவு முழுக்க வைத்து, துணியில் வடிகட்டுங்கள். வடிவங்கள் வழவழப்பாக வரும். வேலை முடிந்ததும் குழாயில் வெந்நீர் விட்டு அலசிவிடுங்கள். பாலோ பசையோ உள்ளே காய்ந்தால் புதிய செட் வாங்க வேண்டியதுதான்.