உட்படலம் மெலிந்திருக்கிறதா? ஸ்டெம் செல் சிகிச்சைக்கு முன் பார்க்க வேண்டியவை

மாதவிடாயில் உதிர்வது எண்டோமெட்ரியம் எனும், கரு பதியும் கருப்பை உட்படலத்தின் மேலடுக்கு மட்டும். தசையை ஒட்டிய அடியடுக்கு தங்கிவிடும். சுரப்பிகளின் அடியிலும் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுற்றியும் இருக்கும், புதுச் செல்களை உருவாக்கவல்ல ஸ்டெம் செல்களுக்கு அதுதான் வீடு. புண்ணை மூடும் வேலை ரத்தப்போக்கு நிற்பதற்கு முன்பே தொடங்கிவிடும். தடிமனாக்குவது பிறகு வரும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன். அடியடுக்கே சுரண்டப்பட்டுப் போயிருந்தால், ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை எவ்வளவு கூட்டினாலும் பலன் குறைவுதான்.

முதலில் அளவைச் சரிபாருங்கள். பிறப்புறுப்பு வழி ஸ்கேனில், கருப்பையின் நீள்வெட்டுத் தோற்றத்தில், மிகத் தடித்த இடத்தில் ஒரு வெளிவிளிம்பிலிருந்து மறு வெளிவிளிம்பு வரை அளக்க வேண்டும். நடுவில் நீர் தேங்கியிருந்தால் கழித்துவிட வேண்டும். முட்டை வெளிவரும் தறுவாயில் 7 மி.மீ.க்குக் கீழே இருந்தால்தான் பொதுவாக மெலிவு என்பார்கள். மாதவிடாய் முடிந்த கையோடு 4 மி.மீ. காட்டினால் அது இயல்பு. வீணாகப் பதறுபவர்கள் பலர். முட்டை வளரத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரை சாப்பிட்டாலும் படலம் மெலியலாம். மருத்துவரிடம் வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

அடுத்தது ஹிஸ்டரோஸ்கோபி, அதாவது கருப்பைக்குள் சிறு கேமரா விட்டுப் பார்ப்பது. கருக்கலைவு அல்லது பிரசவத்துக்குப் பின் கருப்பையைச் சுரண்டியவர்களுக்கு உட்சுவர்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இதுவே ஆஷர்மன் நோய். காசநோயாலும் ஒட்டும். ஒட்டுகளை வெட்டிப் பிரித்தாலும் மீண்டும் சேர்ந்துகொள்ளும், அதனால் சில வாரங்களில் மறுபடி உள்ளே பார்ப்பது நல்லது. அப்போதே திசு எடுத்து, அழற்சியைக் காட்டும் பிளாஸ்மா செல்களை அடையாளம் காணும் சிடி138 சோதனைக்கு அனுப்பினால் நாள்பட்ட அழற்சி தெரியும். அதற்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் போதும்.

இவை முடிந்த பிறகே ஸ்டெம் செல் பேச்சு. எலும்பு மஜ்ஜை மாற்று பெற்ற பெண்களின் எண்டோமெட்ரியத்தில் கொடையாளரின் செல்கள் இருப்பது 2004-இல் தெரியவந்தது. மஜ்ஜையைப் பயன்படுத்தும் யோசனைக்கு அது வலுவூட்டியது. மாதவிடாய் ரத்தத்திலிருந்தும் ஸ்டெம் செல்களைப் பிரிக்கலாம். ஆனால் செலுத்திய செல்களே புதுப் படலமாக மாறிவிடும் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அவை சுரக்கும் பொருட்கள், மிஞ்சியிருக்கும் செல்களைத் தூண்டுகின்றன. மிஞ்சியது எவ்வளவு என்பதைப் பொறுத்தே பலன்.

மருத்துவரிடம் கேளுங்கள்: என்ன செல், எங்கிருந்து எடுத்தது, செலுத்துவது கருப்பைக் குழிக்குள்ளா, தமனி வழியாகவா? இது பதிவு செய்யப்பட்ட ஆய்வா, நெறிமுறைக் குழு அனுமதி உண்டா? பிஆர்பி-யை ‘ஸ்டெம் செல்’ என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். அது தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா.

ஒட்டுகளை நீக்கிய பின் கரு தங்கினால், நஞ்சுக்கொடி தசைக்குள் ஊன்றும் அபாயம் கூடுதல். கர்ப்பகால ஸ்கேன் எடுப்பவரிடம் பழைய அறுவைச் சிகிச்சை விவரத்தை மறக்காமல் சொல்லுங்கள்.