இரட்டைத் திரையில் அகராதி: எனக்குப் பாடம் கற்பித்த தவறுகள்

எங்கள் பதிப்பக அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி போன வாரம் ஓர் இரட்டைத் திரை டேப்லெட்டுடன் வந்தான். இடப்பக்கத் திரையில் மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்க்கும் படி), வலப்பக்கத் திரையில் அகராதி. ஒரு மணி நேரம் அவன் பின்னால் நின்று பார்த்தேன். நான் ஆரம்பத்தில் செய்த கூத்துகளை வரிசை மாறாமல் செய்துகொண்டிருந்தான். திரையைத் துடைப்பது, உறை போடுவது எல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

அங்குலத்தை மட்டும் பார்த்து வாங்குவது

2023இல் வந்த லெனோவோ யோகா புக் 9ஐ போன்றவற்றில் 13.3 அங்குலத் திரை இரண்டு இருக்கும். கேட்டால் ஏ4 தாளே அதில் அடங்கிவிடும் என்று தோன்றும். நெட்டாக நிறுத்தி அளந்து பாருங்கள், அகலம் 18 செ.மீ. கூட வராது. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. ஆக, பக்கம் நூற்றுக்கு 85 அளவுக்குச் சுருங்கும். ஏ4இல் ஏறக்குறைய பாதியான டெம்மி அளவு நாவல் படிப்பவருக்கு இதில் ஒரு குறையும் இல்லை. இரண்டு பத்தியில் பொடி எழுத்தாக ஓடும் அகராதிக்கு நூற்றுக்குப் பதினைந்து என்ற அந்தச் சுருக்கமே போதும், சாயங்காலம் கண் எரியும். பிடிஎஃப் கோப்பில் வெள்ளை ஓரங்களை வெட்டிவிட்டால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். வாங்கிய அன்றே செய்ய வேண்டிய வேலை இது. நான் எட்டு மாதம் கழித்துச் செய்தேன்.

இரட்டைப் பக்கம் இடம் மாறுவது

அச்சு நூலில் ஒற்றைப்படை எண் எப்போதும் வலப்பக்கம். மென்பொருளில் 'அட்டை தனிப்பக்கம்' என்பதைத் தேர்வு செய்யாவிட்டால் எல்லாம் இடம் மாறி, எதிரெதிர்ப் பக்கங்களில் பரந்திருக்கும் அட்டவணை பாதி பாதியாக உடையும். ஸ்கேன் செய்தவர் நடுவில் ஒரு வெற்றுப் பக்கத்தைச் சேர்க்காமல் விட்டிருந்தால் அங்கிருந்து மறுபடி மாறும். அந்த இடத்தில் ஒரு வெற்றுப் பக்கத்தை நீங்களே நுழைத்துவிடுங்கள்.

தேடினேன், இல்லை என்று எழுதிவிடுவது

இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது, முதலில் என் மேலேயே.

ஏரிப் பாசனம் பற்றிய நூல் ஒன்றுக்கு அடிக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறக் கட்டியிருப்பார்களே, கலிங்கு, அந்தச் சொல் வந்தது. வலப்பக்கத் திரையில் பழைய அகராதி ஒன்றின் ஸ்கேன் திறந்தே கிடந்தது. தேடல் பெட்டியில் அடித்தேன். முடிவு இல்லை. இன்னொரு அகராதியிலும் அடித்தேன், அதிலும் இல்லை. 'பேச்சு வழக்கில் மட்டும் உள்ள சொல், அகராதிகளில் இடம்பெறவில்லை' என்று தைரியமாக எழுதிவிட்டேன். நூல் 500 படிகள் அச்சாகி வந்தது. மூன்றாம் நாள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, அகராதியைப் புரட்டினீங்களா, தேடினீங்களா?"

தேடினேன் ஐயா என்றேன்.

"அதான பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, அதே அகராதியின் பக்க எண்ணைச் சொன்னார். திறந்தால், பக்கத்தின் உச்சியில் வழிகாட்டிச் சொல்லாகவே 'கலிங்கு' நிற்கிறது. அச்செழுத்தைப் படித்த மென்பொருள் அதைக் 'கலிங்ரு' என்று பதிந்து வைத்திருந்தது. 500 படியிலும் பிழைதிருத்தச் சீட்டை நானே உட்கார்ந்து ஒட்டினேன். பசைக் காசைவிட, முதலாளி ஒன்றும் சொல்லாமல் பார்த்தாரே, அந்தப் பார்வைதான் அதிகம் சுட்டது.

இது ஏன் நடக்கிறது என்று பிறகுதான் தோண்டிப் பார்த்தேன். சில ஸ்கேன்கள் வெறும் படம், உள்ளே எழுத்தே கிடையாது. சில கோப்புகள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானவை. கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரிவதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்து வந்து விழும். நீங்கள் யூனிகோடில் அடித்துத் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்? 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, லை, ளை முதலியவை பழைய வடிவத்தில் இருக்கும். மென்பொருள் அங்கே தடுக்கி விழும். வரிக்கடைசியில் இடமில்லையென்று கோடுகூடப் போடாமல் சொல்லை இரண்டாக உடைப்பது நம் அச்சகங்களின் பழக்கம், அதையும் தேடல் கண்டுபிடிக்காது. எல்லாம் சரியாக இருந்தாலும் 'மரம்' என்று தேடினால் 'மரத்தை' வராது. 'மர' என்று நிறுத்தித் தேட வேண்டும்.

சோதிக்க எளிய வழி உண்டு. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, கண்முன் தெரியும் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். அதையே காட்டாவிட்டால் அந்தக் கோப்பில் தேடல் செத்தது. நூலின் முதல், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் செய்து பார்க்க வேண்டும். தேடல் பிழைத்திருந்தாலும், 'இல்லை' என்று அது சொன்னால் அகரவரிசைப்படி போய்ப் பாருங்கள். புள்ளி வைத்த எழுத்து முன்னால் வரும் என்பது நினைவிருக்கட்டும், 'அக்கா'வுக்குப் பிறகுதான் 'அகம்'. க, கா, கி என்று ஒவ்வொரு வரிசையின் தொடக்கப் பக்கத்துக்கும் பக்கக்குறி போட்டு வைத்தால் புரட்டுவது காகிதத்தைவிட வேகமாகவே நடக்கும். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதிக்கு மட்டும் இந்தப் பாடு குறைவு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் அது தட்டச்சாகவே கிடைக்கிறது.

தம்பியின் கோப்பில் சோதித்தோம். செத்துத்தான் கிடந்தது. நேற்று மாலை நான் கிளம்பும்போது 'த' வரிசைக்குப் பக்கக்குறி போட்டுக்கொண்டிருந்தான்.

கோப்பின் பக்க எண்ணை மேற்கோளில் போடுவது

திரையின் அடியில் தெரிவது கோப்பின் எண், நூலின் எண் அல்ல. முன்னுரைப் பக்கங்கள் சேர்ந்துகொள்வதால் பத்திருபது பக்கம் தள்ளும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வந்த பேரகராதியில் பக்க எண் தொகுதி தாண்டியும் தொடர்ந்து ஓடும். கடைசித் தொகுதியின் கோப்பில் 30 என்று தெரிவது அச்சில் மூவாயிரத்தைத் தாண்டிய ஓர் எண்.

குறிப்புகளைச் செயலிக்குள் விட்டுவைப்பது

கோப்புக்குள்ளேயே சேமியுங்கள். செயலி போனால் குறிப்பும் போகும்.

மடியில் வைத்துப் படிப்பது

கிலோவுக்கு மேல் எடை. 2010இல் அமெரிக்காவின் க்னோ நிறுவனம் பாடநூலுக்கென்றே 14.1 அங்குலத் திரை இரண்டைச் சேர்த்து ஒரு பலகையைக் காட்டியது, கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ. அடுத்த ஆண்டே கருவி செய்வதை விட்டுவிட்டு மென்பொருளுக்குப் போய்விட்டார்கள். மேசையில் ஒரு தாங்கி வைத்து நிறுத்துங்கள்.

இரண்டு திரைக்கும் இரண்டு வெளிச்சம்

தலைவலிக்கு வேறு காரணம் தேடாதீர்கள்.

காகித அகராதியை எடைக்குப் போடுவது

போட்டேன். இப்போது பழைய புத்தகக் கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை இரண்டாம் தொகுதி மட்டும் கிடைத்திருக்கிறது, அதுவும் அட்டை இல்லாமல்.